செடி கொடுத்த சம்பந்தி

மனிதர்களில் செடி கொடுப்பவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் பால்கனி மூலையில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, பாதி மண்ணும் ஒரு காய்ந்த குச்சியுமாக ஒரு தொட்டி கிடக்கிறதே, அதைத் தந்தவர் யார் என்று யோசித்தால் அவர் முகம் உடனே ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கோ நாளைக்கோ அவர் அந்தச் செடியைப் பற்றி விசாரிக்கவும் போகிறார்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பாவம், அவர்களுக்கு இந்த இனத்தோடு பழக்கமில்லை. இவர் வைப்பார், தண்ணீர் நீங்கள் ஊற்ற வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றும் ஒரு புத்தி சொன்னார்கள். அது வாங்கிக்கொள்கிறவனுக்குச் சொன்னது. கொடுத்தவரே மாதாமாதம் வீட்டுக்கு வந்து, மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணி, போன தடவை இன்னும் வெள்ளையாக இருந்ததே என்று முகம் சுளிப்பார் என்பது யாருக்குத் தோன்றியிருக்கும்? பெண்ணைக் கட்டிக் கொடுத்த சம்பந்திகூட மாப்பிள்ளை வீட்டுக்குப் பண்டிகை, விசேஷம் என்று பார்த்துத்தான் வருவார். இவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்கிறீர்களா? சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் வெயில் வராது என்றால், இதற்கு வெயில் அவ்வளவாக வேண்டாம் என்பார். கொளுத்துகிற வெயில் வருமே என்றால், வெயில்தான் இதற்கு உயிர் என்பார். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் என்றால், பத்து நாள் தண்ணீரில்லாமல் இருக்கும் என்பார். எனக்குச் செடி வளர்க்கவே தெரியாது என்று கடைசி ஆயுதத்தை எடுத்தால், "அட, இது தானா வளரும் சார்" என்று ஈரச் செய்தித்தாளில் சுற்றிய நாற்றை உங்கள் கையில் வைத்து, விரல்களையும் மூடிவிடுவார். மூடிய கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுப்பார். தானாக வளர்வதற்கான பதினான்கு விதிகள்.

நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், எட்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் சிதம்பரநாதன் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, தரத்தைக் கட்டுப்படுத்துவதிலிருந்து யாரும் அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வால்வுகளும் நட்டுகளும் கையை விட்டுப் போனபிறகு, கட்டுப்படுத்த வாகாக எதுவும் கிடைக்காமல் ஆறு மாதம் மனைவியின் சாம்பாரைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். அந்த அம்மாள்தான் அவரை மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரு பெண்மணி செய்த காரியம் மற்ற ஏழு குடும்பங்களின் தலையில் விடிந்தது.

அவர் கொடுக்கிற செடி ஆவாரை. ரயிலில் திருச்சிப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தின் ஓரத்தில், கல்லும் கரடுமான நிலத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற நாதியில்லாமல், கொத்துக் கொத்தாக மஞ்சளாய்ப் பூத்து நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. வெட்டினால் துளிர்க்கும், வெட்டாவிட்டால் புதராகும், வருஷக்கணக்கில் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். மனிதன் என்று ஒருவன் இருப்பதே அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் அதற்கு வந்ததில்லை. அப்படிப்பட்ட செடிக்குத்தான் சிதம்பரநாதன் பதினான்கு விதிகள் எழுதி, தட்டச்சு செய்து, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி லேமினேட்டும் செய்து வைத்திருந்தார்.

காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர் தண்ணீர், அதுவும் முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீர். செவ்வாய்க்கிழமை அரிசி கழுவிய நீர். வெள்ளிக்கிழமை புளித்த மோர். வாரம் ஒருமுறை பஞ்சகவ்யம், அதன் வாசனை போக இரண்டு நாள் ஜன்னலைத் திறந்துவைப்பது உங்கள் சௌகரியம். வெயில் ஏறும்போது உள்ளே தூக்கிவைத்து, இறங்கும்போது வெளியே வைக்க வேண்டும். தொட்டியை மாதம் ஒருமுறை கால்வட்டம் திருப்ப வேண்டும், வலதுபுறமாக. ஒன்பதாவது விதிப்படி தினமும் ஐந்து நிமிஷம் செடியோடு பேச வேண்டும். என்ன பேசுவது என்று ஒருவர் கேட்டதற்கு, "நல்ல விஷயமா பேசுங்க, ஆபீஸ் விஷயம் வேண்டாம்" என்றார் சிதம்பரநாதன்.

பூவை வைத்து என்ன செய்வது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வார், கேட்டால் உட்கார்ந்து சொல்வார். நிழலில் உலர்த்தினால் டீ, பாசிப்பருப்போடு சேர்த்தால் கூட்டு, அரைத்தால் குளியல் பொடி, தலையில் தேய்த்தால் குளிர்ச்சி என்று வரிசையாக வரும். முத்தாய்ப்பாக, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார். சொல்லும்போது அவர் சட்டைப் பையில் எட்டிப்பார்க்கிற சர்க்கரை மாத்திரை அட்டையை நீங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. அவர் சொல்வது ஒருவிதத்தில் உண்மையும்தான். ஆவாரை பூத்திருந்தால் மனிதர்கள் சாகாமல் இருப்பார்களோ என்னவோ, சிதம்பரநாதன் கொடுத்த ஆவாரைகள் பூப்பதற்கு முன்னால் தாங்களே செத்துப் போய்க்கொண்டிருந்தன.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. முதல் மாடி மதிவாணன் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், யாருக்கும் பயப்படாதவர். "உங்க செடி போன மாசமே சிவலோகம் போயாச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவார். அதற்கு இருபத்தைந்து நிமிஷம் பிரசங்கம் கேட்டுவிட்டு, அடுத்த நாற்றை வாங்கி வைத்துக்கொள்வார். பிரச்சினை கீர்த்திக்குத்தான். அவள் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், அந்த வீடு சிதம்பரநாதனுடையது.

கீர்த்தி இங்கே வருவதற்கு முன் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தாள். இரண்டு டிசம்பர்கள் அங்கே பார்த்தாள். முதல் டிசம்பரில் தண்ணீர் வாசற்படி வரை வந்து, மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. இரண்டாவது டிசம்பரில் கூப்பிடாமலே உள்ளே வந்து, ஃப்ரிட்ஜை மல்லாத்திப் போட்டு, கட்டில் உயரத்துக்கு ஏறி நின்றது. குழந்தையைச் சாப்பாட்டு மேஜை மேல் உட்காரவைத்து, அந்த மேஜையை அவளும் கணவன் வெங்கடேஷும் ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கப்புறம் குழந்தை மழைச் சத்தம் கேட்டாலே செருப்பைத் தூக்கி அலமாரி மேல் வைக்க ஆரம்பித்தது. மயிலாப்பூரில் இரண்டாவது மாடியில் வீடு கிடைத்ததும், பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடையில் இருந்ததும் கீர்த்திக்குக் கபாலீசுவரரே இறங்கி வந்து கொடுத்த மாதிரி இருந்தது. சாவியோடு சேர்த்து சிதம்பரநாதன் ஒரு ஆவாரை நாற்றையும் கொடுத்தார்.

"செடி நிலைக்கிற வீட்லதான் குடும்பம் நிலைக்கும்மா" என்றார். "போன குடித்தனக்காரங்க மூணு செடியைச் சாகடிச்சாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. பதினோரு மாசம் முடிஞ்சுது, அக்ரிமெண்டைப் புதுப்பிக்கல. அவ்வளவுதான்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. புன்னகையோடு சொன்னார்.

முதல் செடி மார்ச்சில் போயிற்று. கீர்த்தி பதினான்கு விதிகளையும் தப்பாமல் கடைப்பிடித்தாள். பயந்தவள் அல்லவா, அரை டம்ளருக்கு ஒரு டம்ளராகவே ஊற்றினாள். இலை மஞ்சளாகி, வேர் அழுகி, ஒரு நாள் காலையில் செடி சாய்ந்து கிடந்தது. சிதம்பரநாதன் வந்து தொட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "பேசினீங்களா?" என்று கேட்டார். பேசினேன் என்றாள். "என்ன பேசினீங்க?" என்று கேட்டபோது அவள் விதித் தாளைத் தேடினாள். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த நாற்று வந்தது. அது ஆகஸ்டில் பஞ்சகவ்யத்துக்குப் பலியாயிற்று. மூன்றாவது நாற்றைக் கொடுக்கும்போது அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது செடி டிசம்பர் மழையில் போயிற்று. கீர்த்தி அதைச் செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காத நேரத்தில் குப்பை வண்டியில் போட்டாள். நல்லவேளையாக அது மார்கழி. சிதம்பரநாதன் சபா சபாவாகப் போய்க் கச்சேரிகளின் தரத்தையும் கேன்டீன் அடைகளின் தரத்தையும் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார், செடி பார்க்க வரவில்லை. ஆனால் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அவருடைய வருஷாந்திரப் பரிசோதனை, எல்லா வீட்டுக்கும் வருவார். ஜனவரி முப்பத்தொன்றோடு அக்ரிமெண்ட் முடிகிறது.

வாங்கிவிடலாம் என்று அடையாற்றில் நர்சரி நர்சரியாக ஏறினாள். "ஆவாரையா? ரோட்டோரம் கெடக்கிறத யாரும்மா காசு குடுத்து வாங்குவாங்க?" என்று நர்சரிக்காரர் சிரித்து, தாய்லாந்திலிருந்து வந்த ஏதோ ஒரு செடியை விற்கப் பார்த்தார். வெங்கடேஷ் தாம்பரம் தாண்டிப் போய் ரயில்பாதை ஓரத்திலிருந்து ஒரு செடியைத் தோண்டி, ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். கடப்பாரைக்கு மசியாத ஆணிவேரைப் பாதியில் வெட்டி எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் அது தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

அப்போதுதான் தரைத்தளத்து நஸ்ருன்னிசாவுக்கும் சிதம்பரநாதன் ஒரு செடி கொடுத்தது கீர்த்திக்கு ஞாபகம் வந்தது. நஸ்ருன்னிசாவின் கணவர் ஷரீஃப் தி. நகரில் பை கடை வைத்திருக்கிறார். இருபது வருஷமாக அந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள். கீர்த்தி பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தண்ணீர் மோட்டார் அறையின் தட்டைக் கூரை மேல், ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில், மூன்றடி உயரத்துக்கு ஆவாரை கிளை விட்டு, கிளைக்குக் கிளை மஞ்சளாய்ப் பூத்து நின்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இத எப்படிக்கா வளர்த்தீங்க?"

"நான் எங்கம்மா வளத்தேன்?" என்றாள் நஸ்ருன்னிசா. "ரெண்டு வருஷம் முன்னாடி சார் குடுத்தாரு. வீட்ல எடமில்லன்னு அங்க வெச்சேன். அப்படியே மறந்துட்டேன். மழை பேஞ்சா தண்ணி, பேயலன்னா இல்ல. அதுபாட்டுக்கு கீது."

"சாருக்குத் தெரியுமா?"

"அவருகிட்ட போய் மறந்துட்டேன்னா மனசு கஷ்டப்படுவாருல்ல? நீங்க சொன்ன மாரிதான் சார் செய்யறேன்னு சொல்லிக்கினு இருக்கேன். பெரிய மனுசன், சந்தோசப்பட்டுட்டுப் போட்டும்."

கீர்த்தி தன் நிலைமையைச் சொன்னாள். வேளச்சேரி மேஜையிலிருந்து ஆரம்பித்து மூன்று விரல் வரைக்கும் சொன்னாள். நஸ்ருன்னிசா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இன்னா இப்ப, சார் இங்க பாத்துட்டுப் போனதும் தூக்கிக்கினு போ. பாத்து முடிச்சதும் கொண்டாந்து வெச்சிடு" என்றாள். பரிசோதனை எப்போதும் கீழிருந்து மேலேதான் போகும். சிதம்பரநாதன் லிஃப்டில் ஏறமாட்டார், அதுவும் அவருடைய ஏதோ ஒரு விதி. நடுவில் முதல் மாடியில் மதிவாணன் வீட்டில் இருபத்தைந்து நிமிஷம் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிதம்பரநாதன் நோட்டுப் புத்தகம், அளவு டேப், பூதக்கண்ணாடி சகிதம் இறங்கி வந்தார். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, உயரம் அளந்தார், மூன்றடி இரண்டங்குலம். கிளைகளை எண்ணினார். மூன்றாவது கிளையில் ஒரு பச்சைப் புழு இருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அது எந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை என்பதை நஸ்ருன்னிசாவுக்கு எட்டு நிமிஷம் விளக்கினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறினார். முதல் மாடியில் மதிவாணன் கதவைத் திறந்து, "வாங்கோ, இதுவும் சிவலோகம்தான்" என்று சொல்வது கேட்டதும், வெங்கடேஷ் பெயிண்ட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினான்.

வீட்டுக்குள் டப்பாவைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் தேங்காய் நார்த் தூளைப் போட்டு மூடினார்கள். பார்த்தால் அசல் கீழ்வீட்டுச் செடி மாதிரியே இருந்தது. இருக்காதா பின்னே? பூவையாவது பறித்துவிடலாம் என்று வெங்கடேஷ் யோசனை சொன்னான். பறித்தார்கள். ஒரு கிண்ணம் நிறையப் பூ. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கீர்த்தி வெந்நீரில் போட்டாள். அழைப்பு மணி அடித்தது.

சிதம்பரநாதன் செடியைப் பார்த்ததும் டேப்பை எடுத்தார். அளந்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார். கிளைகளை எண்ணினார், நோட்டைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். அப்போதுதான் கீர்த்திக்கு உறைத்தது. இவ்வளவு பெரிய செடியைத் தூக்கிவந்து, பூவைப் பறித்து, நாரைப் போட்டு மூடினார்களே, புழுவை யாராவது நினைத்தார்களா?

"கீழ் வீட்டுச் செடி மூணடி ரெண்டு அங்குலம்" என்றார் நிதானமாக. "இதுவும் மூணடி ரெண்டு அங்குலம். அதுல ஒன்பது கிளை. இதுலயும் ஒன்பது. அதுல மூணாவது கிளையில ஒரு பச்சைப் புழு இருந்துது. இதுலயும் மூணாவது கிளையில ஒரு பச்சைப் புழு."

கீர்த்தி வெங்கடேஷைப் பார்த்தாள். வெங்கடேஷ் மின்விசிறியைப் பார்த்தான். அவள் மனதில் வேளச்சேரி வீட்டுத் தரைத்தளமும், அதில் கறுப்பாக ஏறுகிற தண்ணீரும், மேஜை மேல் குழந்தையும் வந்து போயின. எங்கே போவது, ஜனவரியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பான் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள்.

"முறை ஒண்ணா இருந்தா உயரம் ஒண்ணா வரும்" என்றார் சிதம்பரநாதன். குரல் தழுதழுத்தது. "கிளை ஒண்ணா வரும். புழு வந்தாக்கூட ஒரே கிளையிலதான் வரும். தரம்னா இதுதாம்மா. முப்பத்தஞ்சு வருஷம் ஃபேக்டரியில இதத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தன் நம்பல. சிரிச்சானுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த இனத்துக்குக் கண் நன்றாகத் தெரியும். அளவும் தப்பாது. ஆனால் எதை அளந்தாலும் கடைசியில் தங்களுடைய பெருமையின் நீள அகலம்தான் கிடைக்கும். களவுச் செடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அதற்கே மாலை போட்டவர் சிதம்பரநாதன்.

"பூ மட்டும் காணோமே?" என்றார்.

"பறிச்சிட்டேன் சார். உங்களுக்கு டீ போட்டிருக்கேன்."

அவர் அந்தக் கோப்பையைக் கோவில் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசனை பார்த்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்தார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லா வினையும் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

"பதினாலு விதிதான் எல்லாருக்கும் குடுத்தேன். உங்களுக்கும் கீழ் வீட்டுக்கும்தான் வந்திருக்கு. நீங்க கூடுதலா என்ன பண்ணீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஒன்றும் பண்ணவில்லை, மறந்துவிட்டேன் என்பதுதான் செடியின் சொந்தக்காரி சொன்ன உண்மை. அதைச் சொல்ல முடியுமா? "சூரிய உதயத்துக்கு முன்னாடி தண்ணி ஊத்துவேன் சார்" என்று கீர்த்தி ஆரம்பித்தாள். அவர் எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆயிற்று. வீட்டுக்காரர், தன்னை மூன்று விரலால் மிரட்டியவர், தான் சொல்வதைத் தலையாட்டிக்கொண்டு எழுதுகிறார். "வெந்தயம் ஊறவெச்ச தண்ணி" என்றாள். எழுதினார். "வேரைச் சுத்தி மண்ணை விரலாலதான் கிளறணும் சார், இரும்பு படக்கூடாது" என்றாள். இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. "பல பேருக்கு இது தெரியறதில்ல" என்று சேர்த்தாள். வெங்கடேஷ் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி, மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பத்து நிமிஷம் பேசினாள்.

"இத பதினஞ்சாவது விதியா சேர்க்கறேன்" என்றார் சிதம்பரநாதன், எழுந்தபடியே. "அக்ரிமெண்ட் ரெண்டு வருஷத்துக்கே போட்டுடலாம். உங்கள மாதிரி ஆளுங்கதாம்மா வேணும்."

வீடு தப்பியது. குழந்தையின் பள்ளிக்கூடம் தப்பியது. செடியை வெங்கடேஷ் அன்றைக்கே இறக்கிக் கொண்டுபோய் மோட்டார் அறைக் கூரை மேல் வைத்துவிட்டான். கீர்த்தி நஸ்ருன்னிசாவுக்கு ஒரு டப்பா அல்வா கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதோடு அவள் சும்மா இருந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுதவே வேண்டியதில்லை.

சாயங்காலமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பதினைந்தாவது விதி கீர்த்தியின் பெயரோடு வந்தது. எட்டு வீடும் கைகூப்பியது. மறுநாள் மூன்றாவது மாடி எதிர்வீட்டு அம்மாள் தன் ரோஜா ஏன் பூக்கவில்லை என்று கீர்த்தியிடம் கேட்டார். தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். கீர்த்திக்கு அந்த ஒரு விநாடி கிடைக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. அதற்கடுத்த வாரம் கீர்த்தி, நஸ்ருன்னிசாவின் செடியில் முற்றியிருந்த காய்களைப் பறித்து, விதையெடுத்து, தயிர் டப்பாக்களில் முளைக்கவைத்தாள். தரமணியில் அவள் வேலை செய்கிற அலுவலகத்தில் பக்கத்து மேஜை பூஜாவுக்கு முதல் நாற்று போயிற்று. "எனக்கு வளர்க்கத் தெரியாது கீர்த்தி" என்று பூஜா சொன்னதற்கு, "இது தானா வளரும்" என்று கீர்த்தி பதில் சொன்னாள்.

"நம்ம வீட்ல மூணு செடி செத்துது, ஞாபகம் இருக்கா?" என்று வெங்கடேஷ் ஒரு நாள் மெதுவாகக் கேட்டான்.

"அது சீசன் சரியில்ல" என்றாள் கீர்த்தி.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, அவள் பின்பக்கம் போய் மோட்டார் அறைக் கூரையைப் பார்த்தாள். ஆவாரை வழக்கம்போலப் பூத்துக்கொண்டு, யாரையும் கண்டுகொள்ளாமல் நின்றது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க? கொளுத்தற வெயில். தொட்டி கூட இல்ல. இப்படியே விட்டா எத்தன நாளைக்கு இருக்கும்?"

"ரெண்டு வருஷமா நல்லாத்தானேமா கீது?"

"அது உங்க அதிர்ஷ்டம்க்கா. நான் சொல்றபடி செய்யுங்க. முதல்ல கீழ இறக்கி நிழல்ல வைங்க. காலைல அரை டம்ளர், சாயந்தரம் அரை டம்ளர். வெந்தயத் தண்ணி மறந்துடாதீங்க." லேமினேட் செய்த தாளொன்றும் கொடுத்தாள்.

நஸ்ருன்னிசாவுக்கு யார் மனதையும் நோகவைக்கத் தெரியாது. அந்தப் பொண்ணு இவ்வளவு சொல்லுதே என்று செடியைக் கீழே இறக்கி, மாடிப்படிக்கு அடியில் நிழலில் வைத்தாள். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினாள். கீர்த்தி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனதால் மறக்கவும் வழியில்லை. மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாயின. ஐந்தாவது வாரம், இரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் தனியாக நின்ற செடி, வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தது. நஸ்ருன்னிசா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கிளையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். வளர்க்கும்போது தோன்றாத பாசம் அவளுக்கு அப்போது தோன்றியது.

கீர்த்தி வந்து, செடியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் சொன்னபடி செஞ்சீங்களாக்கா?"

"நீ சொன்னபடிதாம்மா செஞ்சேன்."

கீர்த்தி பெருமூச்சு விட்டாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, கைப்பையைத் திறந்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

"பரவால்லக்கா. வேற ஒண்ணு தரேன். இதையாவது பார்த்துக்கோங்க."

இதைப் படிக்கிற உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்பி, 'உங்களைப் பற்றித்தான்' என்று எழுதலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கன்று கிளம்பியிருக்கிறதாமே, போன வாரம் அதைப் பார்த்துவிட்டு யாருக்காவது கொடுக்கலாம் என்று நினைத்தீர்கள் இல்லையா? எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் போலிருக்கிறது.